புகைக்கு எண் சொல்கிறார்கள், ஓடைக்கு ஏன் சொல்வதில்லை?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மலேசியாவில் கோல சிலாங்கூர் மாவட்டத்தில் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்து, செம்பனை எண்ணெய் ஆலையில் 26 வருடம் வேலை பார்த்துவிட்டு, இப்போது டவுனில் மகள் வீட்டில் இருக்கிறேன். இந்த வருடம் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்குப் போனபோது கரகத்தை ஓடைக்கரையில் ஜோடிக்கவில்லை, கோயிலுக்குப் பின்னால் குழாயடியில் வைத்து ஜோடித்தார்கள். பூசாரியிடம் கேட்டேன். "அந்தத் தண்ணியில எப்படிண்ணே கைய வைக்கிறது" என்றார்.

போய்ப் பார்த்தேன். பாலத்துக்குக் கீழே சோப்பு நுரை மாதிரி பழுப்பாக மிதக்கிறது, கரையோரப் புல்லில் எண்ணெய்ப் பிசுக்கு, மூக்கைப் பிடிக்காமல் நிற்க முடியவில்லை. சின்ன வயதில் அதே இடத்தில் விரால் பிடித்திருக்கிறோம்.

சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்குப் போன் செய்தோம். சும்மா சொல்லக்கூடாது, வந்தார்கள். ஆனால் வந்தது இரண்டு நாள் கழித்து, அதற்குள் மழை பெய்து நுரையெல்லாம் அடித்துக்கொண்டு போய்விட்டது. பாட்டிலில் தண்ணீர் மொண்டு எடுத்துக்கொண்டு போனார்கள். முடிவு என்ன என்று மூன்று முறை கேட்டுவிட்டேன், மூன்று முறையும் "ரிப்போர்ட் மேலே போயிருக்கிறது" என்ற ஒரே பதில்தான்.

அது மேலே இருக்கும் ஆலையின் கழிவா, கோழிப் பண்ணையா, டவுன் சாக்கடையா, எனக்குத் தெரியாது. தெரியாமல் யார் மீதும் பழி போட நான் தயாரில்லை. அதைச் சொல்வதற்குத்தானே அளவு எடுக்கிறார்கள்?

ஆலைக் கழிவு என்னவென்று எனக்குக் கொஞ்சம் தெரியும். ஆலையிலிருந்து வெளியே வரும்போது ஆவி பறக்கச் சூடாக, கெட்டியான காப்பி நிறத்தில் இருக்கும். அதைக் குளம் குளமாக விட்டு, முதல் குளங்களில் கொப்புளம் கொப்புளமாகப் பொங்கி, கடைசிக் குளத்துக்கு வரும்போது நிறம் தெளிந்திருக்க வேண்டும். சுத்தம் செய்யாத கழிவில் பிஓடி, அதாவது தண்ணீரில் உள்ள அழுக்கைக் கிருமிகள் தின்று முடிக்க எவ்வளவு ஆக்சிஜன் தேவைப்படும் என்ற கணக்கு, லிட்டருக்கு ஏறக்குறைய 25,000 மில்லிகிராம் இருக்கும். வெளியே விடும் கழிவில் அது எவ்வளவு வரை இருக்கலாம் என்ற வரம்பை 1977-இல் வந்த விதிமுறை 5,000-இல் தொடங்கி வருடா வருடம் குறைத்து 1984-இல் 100-க்குக் கொண்டு வந்தது. நல்ல சட்டம்தான், அதை நம்பித்தான் நாங்களும் வேலை செய்தோம். ஆனால் குளத்தின் அடியில் சேறு ஏறிவிட்டால், காய் அதிகம் வரும் மாதங்களில் ஆலை இரவு பகலாக ஓடினால், கழிவு குளத்தில் தங்க வேண்டிய நாள் தங்காது. வேலை செய்தவனுக்கு இது தெரியும். பகல் பத்து மணிக்குச் சொல்லிவிட்டு வந்து ஒரு பாட்டில் எடுப்பவர்களுக்கு எப்படித் தெரியும்?

சரி, இப்போது புகைமூட்டத்துக்கு வருகிறேன். 2005 ஆகஸ்டில் எங்கள் கோல சிலாங்கூரிலும் போர்ட் கிள்ளானிலும் காற்று மாசுக் குறியீடு (ஏபிஐ) 500-ஐத் தாண்டி அவசரநிலை அறிவித்தார்களே, அப்போது இங்கே இருந்தவர்களுக்கு மறந்திருக்காது. அதற்கு முன்னால் பல வருடம் அந்த எண்ணை அரசாங்கம் வெளியே சொல்லாமல் வைத்திருந்தது, அந்த மாதம்தான் மறுபடியும் சொல்ல ஆரம்பித்தார்கள். இன்றைக்கு மணிக்கு மணி வருகிறது. டீக்கடையில் படிக்காத பாட்டிகூட "ஏபிஐ நூத்தம்பது தாண்டிருச்சு, பிள்ளைய வெளிய விடாத" என்கிறார். எண்ணை வெளியிட்டதால் நாடு ஒன்றும் மூழ்கிவிடவில்லையே.

ஆற்றுக்கும் அப்படி ஒரு எண் இருக்கிறது. 6 அளவைகளைச் சேர்த்துக் கணக்குப் போட்டு, 81-க்கு மேல் சுத்தம், 60-க்குக் கீழே போனால் கெட்டது என்று சுற்றுச்சூழல் துறையே வைத்திருக்கும் தரக் குறியீடு. எங்கள் ஓடையின் எண் என்ன என்று எங்கள் ஊரில் ஒருவரைக் கேட்டுப் பாருங்கள்!

என் தங்கை மகன் நியூசிலாந்தில் வைக்காத்தோ பக்கம் மாட்டுப் பண்ணையில் வேலை செய்கிறான். அங்கே ஆறுகளைக் கவனிக்கும் வட்டார மன்றங்களின் எல்லையையே 1989-இல் பெரும்பாலும் ஆற்று வடிநிலத்தைப் பார்த்துத்தான் போட்டார்களாம். மன்றத்தின் அனுமதியோடு வினாடிக்கு 5 லிட்டரோ அதற்கு மேலோ தண்ணீர் எடுப்பவர் மீட்டர் வைத்தே ஆக வேண்டும். பெரிய பம்புகள் என்றால் 15 நிமிடத்துக்கு ஒரு அளவு, அதைத் தினமும் மன்றத்துக்கு அனுப்ப வேண்டும். சோதனைக்கு ஆள் வந்தால் அதற்கான செலவையும் அனுமதி வாங்கியவரிடமே வசூலிக்கலாம். லாவா என்றொரு இணையத்தளத்தில் எந்த ஆற்றின் எந்த இடம் எப்படி இருக்கிறது என்று யாரும் பார்க்கலாம். அங்கும் மாட்டுப் பண்ணைகளால் ஆறு கெடத்தான் செய்கிறது, அவனே சொல்கிறான். ஆனால் கெட்டுப் போனது ஊருக்குத் தெரிகிறது.

நம்மிடம் சட்டத்துக்குப் பஞ்சமில்லை. சிலாங்கூரில் ஆற்றில் தண்ணீர் எடுக்க லுவாஸ் எனும் மாநில நீர் நிர்வாக வாரியத்தின் அனுமதி வேண்டும், அதற்கு 1999-லேயே சட்டம் போட்டாயிற்று. 2020 செப்டம்பரில் ரவாங் பக்கம் கழிவு கலந்து கிள்ளான் பள்ளத்தாக்கே குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் தவித்தது, அப்புறம் 2024 ஜூலையிலிருந்து சுற்றுச்சூழல் சட்டத்தில் அபராதத்தை 1 கோடி வெள்ளி வரை உயர்த்தினார்கள். கோலாலம்பூர்க்காரர் வீட்டில் தண்ணீர் நின்றால் முதல் பக்கச் செய்தி. தோட்டத்து ஓடையில் மீன் செத்து மிதந்தால் அது எங்கள் வாட்ஸ்அப் குழுவோடு சரி.

நான் கேட்பது பெரிய செலவு இல்லை. பாலத்துப் பக்கத்தில் ஒரு பலகை. எந்தத் தேதியில் தண்ணீர் எடுத்தார்கள், குறியீடு எவ்வளவு, மேலே யார் யாருக்குக் கழிவு விட அனுமதி இருக்கிறது, அடுத்து எந்த மாதம் எடுப்பார்கள். மலாயிலும் தமிழிலும் எழுதிவிட்டால் போதும். இரண்டு முறையாவது இரவில், சொல்லாமல் வந்து எடுக்கட்டும்.

திருவிழா அன்று நானும் ஒரு மினரல் வாட்டர் பாட்டிலில் அந்தத் தண்ணீரைப் பிடித்து வந்தேன். மகள் திட்டுகிறாள், இருந்தாலும் வீட்டுப் பின்கட்டில்தான் வைத்திருக்கிறேன். அடியில் இரண்டு விரல் உயரத்துக்குச் சேறு நிற்கிறது. எந்த அதிகாரி வந்து கேட்டாலும் கொடுக்கிறேன்.

முன்னாள் ஆலைத் தொழிலாளி,
கோல சிலாங்கூர்