தூக்கமும் ஒரு வசதிதான்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வளரிளம் பருவத்தினரின் உடல்நலம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நேரத்துக்குத் தூங்கு, சத்தாகச் சாப்பிடு, தினமும் விளையாடு, கைப்பேசியைக் கீழே வை என்று எல்லாமே பிள்ளைகளுக்கான அறிவுரைகள். எதுவும் தவறில்லை. ஆனால் இவற்றைச் செய்ய முடிகிற வீடு யாருக்கெல்லாம் வாய்த்திருக்கிறது என்ற பேச்சே கட்டுரையில் இல்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் ஒத்துழைப்போடு ஐரோப்பிய நாடுகள் பலவற்றிலும் கனடாவிலும் 11, 13, 15 வயதுப் பிள்ளைகளிடம் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஓர் ஆய்வு நடக்கிறது. பெற்றோரின் வருமானம் எவ்வளவு என்று அந்த வயதில் பலருக்குத் தெரியாது. அதனால் உனக்கென்று தனிப் படுக்கையறை உண்டா, வீட்டில் கார் இருக்கிறதா, எத்தனை கணினி, எத்தனை குளியலறை என்று கேட்கிறார்கள். வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளில்தான் காலையில் சாப்பிடாமல் வருகிறவர்களும், உடம்பு சரியில்லை, வாழ்க்கை பிடிக்கவில்லை என்று சொல்கிறவர்களும் அதிகம் என்று ஒவ்வொரு முறையும் தெரியவருகிறது. அந்தப் பிள்ளைகளுக்கெல்லாம் ஒழுக்கம் குறைவு என்றா சொல்லப்போகிறோம்?

தூக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பருவமடையும் வயதில் உடலின் கடிகாரமே பின்னால் தள்ளிப்போகிறது. இரவு சீக்கிரம் தூக்கம் வராது. தனி அறை உள்ள பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டு எப்படியோ சமாளித்துவிடும். ஒரே அறையில் ஐந்து பேர் படுக்கும் வீட்டில், வேலை முடிந்து கடைசி ஆள் வந்து சாப்பிட்டு விளக்கை அணைத்த பிறகுதான் எல்லோருக்கும் இரவு.

நான் இருபது வருடங்களுக்கு மேல் பள்ளி ஆசிரியையாக இருந்தவள். ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவி முதல் பாடவேளையிலேயே தூங்கி விழுவாள். பல நாள் அவளை எழுப்பி நிற்க வைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, அவள் அம்மா விடியுமுன்பே வேலைக்குப் போய்விடுவார். சமைத்து, இரண்டு தம்பிகளையும் கிளப்பி அனுப்பிவிட்டு அவள் வருகிறாள் என்று. முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். இன்றும் அதை நினைத்தால் மனம் கனக்கிறது.

இப்படிப்பட்ட பெண்கள்தான் படிப்பை முதலில் நிறுத்துகிறார்கள். படிப்பு நின்றால் சீக்கிரம் கல்யாணம், சீக்கிரம் பிள்ளைப்பேறு. உலக அளவில் 15 முதல் 19 வயதுப் பெண்கள் இறப்பதற்கான முக்கியக் காரணங்களில் கர்ப்பகால, பிரசவகாலச் சிக்கல்களும் ஒன்று. ஒரு பெண்ணைப் பள்ளியில் இன்னும் சில வருடங்கள் இருக்க வைப்பதும் மருத்துவம்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது, ஒரு பிள்ளை எத்தனை மணிக்குப் படுக்கிறது என்பதோடு, அதே அறையில் இன்னும் எத்தனை பேர் படுக்கிறார்கள் என்றும் கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்