பிள்ளைகளைக் கண், காது, கை என்று பிரிக்கச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் பயிற்சிக்கான கட்டகங்களை எழுதுகிறவர்களுக்கும், அவற்றை எடுத்துக்கொண்டு, ஆசிரியர்கள் பயிற்சிக்குக் கூடும் குறுவளமையங்களுக்கு வந்து பயிற்சி தரும் கருத்தாளர்களுக்கும்,

வணக்கம். அரசு நடுநிலைப் பள்ளி ஒன்றில் அறிவியலும் கணக்கும் நடத்தும் பட்டதாரி ஆசிரியை எழுதுகிறேன்.

வகுப்பறைத் தொழில்நுட்பம் என்று நீங்கள் நடத்தும் பயிற்சிகளின் முதல் அமர்வு எனக்கு இப்போது மனப்பாடம். மூன்று வட்டங்கள் போட்ட ஒரு ஸ்லைடு வரும்: பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர். அப்புறம் சார்ட்டும் ஸ்கெட்ச் பேனாவும் கொடுத்து, உங்கள் வகுப்பில் யார் யார் எந்த வகை என்று குழுவாக உட்கார்ந்து எழுதச் சொல்வீர்கள். அடுத்த ஸ்லைடில் பார்ப்பவருக்குக் காணொலி, கேட்பவருக்கு ஆடியோ, செய்பவருக்குத் தொடுதிரை என்று பங்கீடு முடிந்துவிடும். அதற்குள் சாப்பாட்டு நேரம். மதியம் செயலியைத் தரவிறக்கி, மறந்துபோன கடவுச்சொல்லை மீட்டு, எல்லோரும் உள்ளே நுழைவதற்குள் நாலு மணி ஆகிவிடும். அதை வைத்து நாளைக்கு எந்தப் பாடத்தை எப்படி நடத்துவது என்ற பேச்சு வரவே வராது.

நான் கேட்பது ஒன்றுதான். காலை அமர்வை எடுத்துவிடுங்கள். அந்த நேரத்தை மதியத்துக்குக் கொடுங்கள்.

காலை அமர்வை ஏன் எடுக்க வேண்டும் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இந்தப் பிரிவினை எங்கிருந்து வந்தது என்று எந்தக் கருத்தாளரும் எங்களுக்குச் சொன்னதில்லை. இன்று உலகெங்கும் புழங்கும் கேள்வித்தாள்களில் பிரபலமான ஒன்றை உருவாக்கியவர் நீல் பிளெமிங். நியூசிலாந்தில் பள்ளி ஆய்வாளராக இருந்தவர். கொலீன் மில்ஸுடன் சேர்ந்து 1992-இல் அதைப் பற்றி எழுதினார். அவர் வைத்த பிரிவுகள் நான்கு. படித்தும் எழுதியும் கற்பவர் என்ற ஒன்றும் அதில் உண்டு. நம் ஸ்லைடுகளில் அது பெரும்பாலும் காணாமல் போயிருக்கிறது. அந்தக் கேள்வித்தாள் அளப்பது ஒருவருடைய விருப்பத்தை. ஒரு பையனுக்குக் காணொலி பிடிக்கும் என்று அதிலிருந்து தெரிந்துகொள்ளலாம். காணொலியாகக் காட்டினால் அவனுக்குப் பாடம் நன்றாக ஏறும் என்பது வேறு கூற்று. அதைத் தனியாக நிரூபிக்க வேண்டும்.

நிரூபிக்க முயன்றார்கள். பிரிட்டனில் பிராங்க் காஃபீல்டும் அவருடைய குழுவினரும் 2004-இல் வெளியிட்ட ஆய்வறிக்கையில் இப்படிப்பட்ட கற்றல் பாணி மாதிரிகள் 71 இருப்பதாகக் கணக்கெடுத்து, அவற்றில் செல்வாக்குள்ள 13-ஐ நுணுக்கமாகப் பார்த்தார்கள். பலவற்றின் அடித்தளமே ஆட்டம் கண்டது. 2008-இல் ஹெரால்ட் பாஷ்லரும் மூன்று உளவியலாளர்களும் இன்னும் நேரடியாகக் கேட்டார்கள்: பார்ப்பவர், கேட்பவர் என்று மாணவர்களைப் பிரித்து, இரு பிரிவிலும் பாதிப் பேருக்குப் படமாகவும் மீதிப் பேருக்குப் பேச்சாகவும் பாடம் நடத்தி, கடைசியில் எல்லோருக்கும் ஒரே தேர்வு வைத்தால், பார்ப்பவர் படத்திலும் கேட்பவர் பேச்சிலும் கூடுதல் மதிப்பெண் வாங்க வேண்டும் அல்லவா? அப்படி முறையாகச் செய்த ஆய்வுகளே மிகச் சில. செய்தவற்றிலும் பெரும்பாலானவை எதிராகவே பேசின. அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் உடற்கூறியல் படித்த மாணவர்களைப் பற்றி 2018-இல் வந்த ஆய்வு இன்னும் சுவாரசியமானது. கேள்வித்தாள் சொன்ன பாணியில் பெரும்பாலோர் படிக்கவே இல்லை. படித்தவர்களும் கூடுதலாக ஒன்றும் வாங்கிவிடவில்லை.

பி.எட். படித்த நாம் எல்லோரும் உளவியலாளர் ஹோவர்டு கார்ட்னரின் பன்முக நுண்ணறிவை, அதாவது அறிவு ஒன்றல்ல, பல வகை என்ற கோட்பாட்டை, தேர்வுக்கு எழுதியிருக்கிறோம். அதைக் காட்டி இதற்குச் சான்று சொல்வோரும் உண்டு. தன் கோட்பாடு கற்றல் பாணி பற்றியது அல்ல, இரண்டையும் குழப்பாதீர்கள் என்று கார்ட்னரே 2013-இல் எழுதிவிட்டார்.

ஆராய்ச்சி ஒருபுறம் இருக்கட்டும், வகுப்புக்கு வருவோம். ஆறாம் வகுப்பில் மின்னியல் நடத்துகிறேன். மின்கலம், சின்ன பல்பு, ஒயர் மூன்றையும் கையில் கொடுத்து எரிய வை என்றால்தான் சுற்று மூடியிருக்க வேண்டும் என்பது பிள்ளைக்குப் பிடிபடும். இது எல்லாப் பிள்ளைக்கும் பொருந்தும்; காதால் கற்பவள் என்று யாரையும் ஓரமாக உட்காரவைத்து வாயால் விளக்க முடியாது. ஆனால் ஒயருக்குள் ஓடும் எலக்ட்ரானை எத்தனை முறை பல்பை எரித்தாலும் பார்க்க முடியாது. அதற்கு ஒரு நகரும் படம் வேண்டும். கணினித் திரையிலேயே சோதனை செய்து பார்க்க உதவும் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் பாவனையாக்கத்தில் மின்சுற்று கட்டினால் அது தெரிகிறது. தொடர் இணைப்பில் இன்னொரு பல்பைச் சேர்த்தால் ஓட்டம் மெதுவாவதும் தெரிகிறது. குறுக்குச் சுற்று செய்தால் திரையில் மின்கலம் தீப்பிடிக்கும். வகுப்பில் அன்றைக்கு அதுதான் பேச்சு. அப்புறம் தொடர் இணைப்புக்கும் பக்க இணைப்புக்கும் என்ன வேறுபாடு என்று அவர்கள் வாயால் சொல்லவும் நோட்டில் எழுதவும் வேண்டும். கை, கண், வாய் எல்லாமே எல்லோருக்கும் தேவைப்பட்டன. எது எப்போது என்பதைப் பாடத்தில் உள்ள பொருள்தான் முடிவு செய்தது. தமிழ் வகுப்பில் லகர ளகர ழகரத்தைக் காதால் கேட்டு நாக்கை மடக்கித்தான் பழக வேண்டும். சமூக அறிவியலில் பருவக்காற்று வரும் திசையை வரைபடம் இல்லாமல் சொல்லிப் பாருங்கள்.

சரி, ஒரு முத்திரை குத்துவதால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். யாருக்கு எந்த முத்திரை விழுகிறது என்று பாருங்கள். அந்தக் குழுச் செயல்பாட்டில் நாங்கள் நிரப்பும் சார்ட்டை ஒரு தடவை எடுத்துப் படியுங்கள். நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் பெரும்பாலும் பார்ப்பவர் பட்டியலில் இருப்பார்கள். செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் போகிற வீட்டுப் பிள்ளைகள், எழுத்துக் கூட்டத் திணறுகிறவர்கள், செய்து கற்பவர் பட்டியலில் கிடப்பார்கள். நாங்கள் யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. கை தானாக அப்படி எழுதுகிறது. 2023-இல் வெளியான ஓர் ஆய்வும் இதைத்தான் சொல்கிறது: பார்த்துக் கற்பவர் என்று சொல்லப்பட்ட குழந்தையைப் பெற்றோரும் ஆசிரியர்களும் புத்திசாலி என்று எடைபோட்டார்கள், செய்து கற்பவர் என்று சொல்லப்பட்ட குழந்தையை அப்படி நினைக்கவில்லை. பாதி நாள் பள்ளி, மீதி நேரம் குடும்பத் தொழில் என்று 1953-இல் வந்த திட்டத்தை எதிர்த்து நின்று, 1954-இல் அது கைவிடப்பட்டதைப் பார்த்த மாநிலம் இது. இவனுக்குக் கைவேலைதான் வரும் என்ற நினைப்பு ஆங்கிலப் பெயரோடு ஸ்லைடில் வரும்போது நமக்கு உறைக்காமல் போவது எனக்கு ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

பிள்ளைகளுக்குள் வேறுபாடே இல்லை என்று நான் சொல்லவில்லை. வேறுபாடுகளோடுதான் தினமும் மல்லுக்கட்டுகிறேன். ஏழாம் வகுப்பில் ஒருத்தி பாடநூலைச் சரளமாக வாசிக்கிறாள், பக்கத்தில் இருப்பவன் ஒற்றெழுத்தில் நிற்கிறான். பின்னக் கூட்டலில் ஒருவனுக்குப் பகுதி, தொகுதியே தெரியாது, இன்னொருவனுக்கு மீ.சி.ம. மட்டும் தடுக்கிறது. கணக்கில் கொள்ள வேண்டிய வேறுபாடு இதுதான்: ஏற்கெனவே என்ன தெரியும், எங்கே நிற்கிறார்கள். இதை நம் மாநிலத்துக்கு யாரும் வெளியிலிருந்து வந்து கற்பிக்க வேண்டியதில்லை. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல் தொடங்கிப் பிறகு மாநிலம் முழுக்கப் போன செயல்வழிக் கற்றலில் குழந்தை ஏணியின் எந்தப் படியில் இருக்கிறது என்றுதான் பார்த்தோம். 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகத்தான் பிரித்தோம். இரண்டிலும் குறைகள் உண்டு, அது வேறு கடிதம். ஆனால் இரண்டும் கேட்ட கேள்வி சரி.

இன்னொன்றையும் தனியாகச் சொல்லிவிட வேண்டும். பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைக்கு ஒலி வடிவம் தருவதும், வாசிப்பில் தீராத சிக்கல் உள்ள பிள்ளைக்குப் பாடத்தைப் படித்துக் காட்டும் செயலி தருவதும் அவர்களுடைய உரிமை. அதைக் கற்றல் பாணிக் கணக்கில் சேர்த்தால், திரையில் இருப்பதைக் குரலாகப் படிக்கும் திரைவாசிப்பான் தேவைப்படும் ஒரு பிள்ளையின் கோரிக்கை முப்பது பேருடைய விருப்பங்களுக்குள் தொலைந்துபோகும். பயிற்சிக்கு வருகிற எத்தனை பேருக்குக் கைப்பேசியில் திரைவாசிப்பானை இயக்கத் தெரியும் என்று அடுத்த முறை கேட்டுப் பாருங்கள். சிறப்பாசிரியர்களைத் தவிர யாரும் கை தூக்குவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

இனி மதியத்துக்கு வருவோம். எங்களுக்கு என்ன தெரிய வேண்டும்?

முதலாவது, காணொலியை நிறுத்தத் தெரிய வேண்டும். சிரிக்காதீர்கள். ஸ்மார்ட் வகுப்பறையில் பெரும்பாலும் நடப்பது, காணொலி ஓடி முடிகிறது, பிள்ளைகள் கை தட்டுகிறார்கள், மணி அடிக்கிறது. எந்த நொடியில் நிறுத்துவது, நிறுத்தி என்ன கேட்பது, அடுத்து என்ன நடக்கும் என்று பிள்ளைகளை முன்கூட்டிச் சொல்லவைப்பது எப்படி என்பது ஒரு திறன். அதைப் பக்கத்தில் உட்கார்ந்து பழக்க வேண்டும். உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கும் 2006-இல் செய்த சோதனையில், ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நன்றாகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, படித்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள்தான் முந்தினார்கள். காணொலிக்கும் இது பொருந்தும் என்றே என் வகுப்பைப் பார்த்து நினைக்கிறேன். இரண்டாவது முறை போட்டுக் காட்டுவதைவிட, திரையை அணைத்துவிட்டுப் பார்த்ததை வரையச் சொல்வது மேல்.

அடுத்தது, திரையில் எதை வைக்கக் கூடாது என்பது. திரையில் ஒரு பத்தி, அதே பத்தியைக் குரல் படிக்கிறது, மேலே நாங்கள் விளக்கவும் செய்கிறோம். கல்வி உளவியலாளர் ரிச்சர்ட் மேயர் பல ஆண்டுகள் சோதித்துச் சொன்ன விஷயம் இது: படத்தோடு பேச்சு உதவும், அதே பேச்சை எழுத்தாகவும் திரையில் அடுக்கினால் பெரும்பாலும் கெடுக்கும். ஆங்கிலப் பாடம் மட்டும் கொஞ்சம் விலக்கு. பழகாத உச்சரிப்புக்கு எழுத்து கை கொடுக்கும். நீங்கள் எங்களுக்கு அனுப்பும் ஸ்லைடுகளையே இந்த அளவுகோலில் ஒருமுறை பார்க்கலாம்.

மூன்றாவது, தமிழில் தட்டச்சு. இதைப் பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை? தமிழ்99 விசைப்பலகை வந்து கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது, யூனிகோடை அரசு 2010-லேயே ஏற்றுவிட்டது. இன்னமும் வினாத்தாள்கள் பழைய எழுத்துருக்களில் அடிக்கப்பட்டு, வேறு கணினியில் திறந்தால் கந்தரகோளமாக வந்து நிற்கின்றன. நமக்கே வராததால் பிள்ளைகளுக்கும் கற்றுத் தருவதில்லை. அம்மா என்ற சொல்லை amma என்று ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக்கும் பழக்கம் அவர்களுக்குத் தானாக வந்துவிடுகிறது. குரல்வழித் தட்டச்சு இருக்கிறதே என்பார்கள். அதற்கும் பயிற்சி வேண்டும். பிள்ளை வாளப்பளம் என்று சொன்னாலும் செயலி வாழைப்பழம் என்றே திருத்தி எழுதிக்கொள்கிறது. உச்சரிப்பைச் சோதிக்க அது ஆகாது. குரலைப் பதிவு செய்து பிள்ளைக்கே போட்டுக் காட்டினால் ஆகும்.

சின்னச் சின்னதாக இன்னும் சில. கைப்பேசிக் கேமராவை டிவியில் இணைத்து ஒரு பிள்ளையின் நோட்டை அப்படியே எல்லோருக்கும் காட்டுவது. இதைவிடப் பயனுள்ள தொழில்நுட்பத்தை நான் இன்னும் பார்க்கவில்லை, கணக்கில் எங்கே சறுக்கியது என்று வகுப்பே சொல்லிவிடும். மணற்கேணி செயலியிலோ பாடநூலின் கியூஆர் குறியீட்டிலோ வருவதை நெட் இல்லாத நாளுக்காக முன்கூட்டி எடுத்து வைப்பது. பின்னத்துக்கு ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளில் ஒரு செவ்வகத்தை நானே வரைந்து பிரிப்பது. இவற்றில் எதற்கும் அரை நாளுக்கு மேல் ஆகாது.

இவற்றை எல்லாருக்கும் பொதுவாக நடத்தாமல் பாடவாரியாக நடத்துங்கள். தமிழாசிரியைக்கு மின்சுற்று பாவனையாக்கம் எதற்கு? நாங்கள் அடுத்த வாரம் நடத்தப்போகும் பாடத்தோடு வருகிறோம், அங்கேயே தயாரித்து, அங்கேயே ஒருவர் நடத்திக் காட்ட, மற்றவர்கள் குறை சொல்லட்டும். ஒரு மாதம் கழித்து அதே கருத்தாளர் எங்கள் வகுப்புக்கு வந்து உட்கார்ந்து பார்க்கட்டும். பாடக்குறிப்பில் கற்பவர் வகை என்று ஒரு கட்டம் இருந்தால் அதை எடுத்துவிட்டு, இந்தப் பாடத்துக்கு முன் இவர்களுக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று ஒரு கட்டம் போடுங்கள். அதை நிரப்ப எங்களுக்கு உண்மையிலேயே யோசிக்க வேண்டியிருக்கும்.

முதல் பயிற்சியை எங்கள் பள்ளியில் வைத்துக்கொள்ளலாம். தலைமையாசிரியரிடம் பேசிவிட்டேன், ஆய்வக அறையைத் தருகிறார். சனிக்கிழமை வைப்பதாக இருந்தால் மின்தடை அறிவிப்பைப் பார்த்துவிட்டுத் தேதி சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓர் அரசுப் பள்ளி ஆசிரியை