சுவரில் நடக்கும் விலங்குக்குக் கை கொடுத்தவர்களுக்கு நன்றி

ஊர்ப் பெரியோர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

காட்பாடி அருகே எங்கள் ஊர் நூலகத்தின் கிழக்குச் சுவரில் நேற்று மாலை கடைசிக் கோட்டை இழுத்து முடித்தேன். மூக்கு முதல் வால் நுனி வரை ஐந்து மீட்டர், உயிரளவு. சுமார் 23 கோடி ஆண்டுகளுக்கு முன் இன்றைய அர்ஜென்டினாவில் வேட்டையாடித் திரிந்த ஹெர்ரெராசாரஸ் என்னும் டைனோசர். தூரிகை பிடித்தது நான். அதை நடக்க வைத்தவர்கள் நீங்கள்.

முதல் நன்றி கோழிக்கடை பாய்க்கு. என் முதல் ஓவியத்தில் விலங்கின் உள்ளங்கைகள் தரையைப் பார்த்திருந்தன. படங்களில் பார்த்துப் பழகிய தவறு. விலங்கியல் பேராசிரியை அம்மா அதைக் கண்டதும், "பறவைகள் டைனோசர் வழி வந்தவைதானே, கோழி இறக்கையை மடக்கிப் பாருங்கள்" என்றார். மறுநாள் விடியற்காலையில், வியாபாரத்துக்கு நடுவிலும் பாய் ஓர் இறக்கையின் தோலை உரித்து, மூட்டை மெல்ல மடக்கிக் காட்டினார். அது பக்கவாட்டில் மடங்கியது. கீழ்நோக்கித் திரும்ப மறுத்தது. இப்போது சுவரில் இருப்பதன் கைகள், கைதட்டப் போகும் குழந்தையின் கைகள்போல ஒன்றையொன்று பார்க்கின்றன. கூரிய நகங்களோடு மூன்று நீள விரல்கள், ஓரத்தில் சிறுத்துப்போன இரண்டு.

பேரணாம்பட்டில் தோல் பதனிடும் வேலையில் முடி நரைத்த மாமாவுக்கும் நன்றி. ஹெர்ரெராசாரஸின் தோல் நமக்குக் கிடைக்கவில்லை, எலும்புகள்தான் உண்டு. தோலை எப்படிப் போர்த்துவது என்று திகைத்து நின்றேன். மாமா ஓர் ஆட்டுத்தோலை விரித்து, முதுகுப் பக்கம் இறுகியிருப்பதையும் வயிற்றுப் பக்கம் தளர்ந்து நெகிழ்வதையும் என் விரலாலேயே தடவிப் பார்க்கச் சொன்னார். தொடை மடிப்பிலும் கழுத்திலும் நான் போட்ட சுருக்கங்கள் அவர் கற்றுத் தந்தவை. பழுப்பு நிறம் மட்டும் என் ஊகம். அதைச் சுவரிலேயே எழுதிவைத்திருக்கிறேன்.

காலடியில் பாலாற்றங்கரை நாணலை ஆசையாக வரைந்திருந்தேன். "அந்தக் காலத்தில் புல்லே கிடையாதே, நாணலும் புல்தானே" என்றாள் நூலகத்துக்கு வரும் எட்டாம் வகுப்பு மாணவி. அவள் சொன்னது சரி. இரண்டு நாள் உழைப்பைச் சுண்ணாம்பால் மறைத்துவிட்டுப் பெரணிகளை வரைந்தேன். நன்றி, கண்ணம்மா.

அந்தப் பெரணிகளுக்குப் பின்னால் உற்றுப் பாருங்கள், ஒரு சிறிய தாடை தெரியும். கோதாவரிப் படுகையில் கிடைத்த ஆல்வாக்கேரியா, நம் நாட்டின் மிகப் பழைய டைனோசர்களில் ஒன்று. கிடைத்தவை சில எலும்புகளே. தெரியாத உடலைத் தெரிந்ததுபோல் வரைய மனம் ஒப்பவில்லை. இலைகள் மறைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஏணியும் சாரக்கட்டையும் தந்த மேஸ்திரி அண்ணனுக்கும், வெயில் ஏறுமுன் தினமும் மோர் கொண்டுவந்த எதிர்வீட்டு அக்காவுக்கும் நன்றி.

இன்னொருவர் இருக்கிறார். மாலையில் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வரும் தாத்தா தினமும் சுவர் முன் நிற்பார். "இங்கே மலையில் இதன் எலும்பு கிடைக்குமா?" என்று ஒருநாள் கேட்டார். நம் மலைப்பாறைகள் 200 கோடி ஆண்டுகளுக்கும் மூத்தவை, டைனோசர்கள் அவற்றுக்கு மிகவும் பிந்தியவை என்றேன். பிறகு, இதன் எலும்பை முதலில் கண்டவர் விக்டோரினோ ஹெர்ரெரா என்னும் ஆடு மேய்ப்பவர், 1963இல் விலங்குக்கு அவர் பெயரையே வைத்தார்கள் என்று சொன்னேன். தாத்தா அந்தப் பெயரை மூன்று முறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். அவர் கேட்டபடியே ஓவியத்தின் கீழே, விலங்கின் பெயரைவிடப் பெரிய எழுத்தில், "கண்டெடுத்தவர்: விக்டோரினோ ஹெர்ரெரா, ஆடு மேய்ப்பவர்" என்று எழுதிவிட்டேன், தாத்தா.