அனுப்பினவரும் இறக்கினவரும் ஒரே முதலாளி

ஆசிரியருக்கு வணக்கம்.

போன மாதம் ரொறன்ரோவில் இருக்கிற தங்கச்சி கப்பலில் இரண்டு பெட்டி அனுப்பினாள், பிள்ளைகளின் உடுப்பும் அப்பாவுக்கு நடைவண்டியும். "காசெல்லாம் கட்டியாச்சு அண்ணா, கொழும்பில போய் எடுக்கிறதுதான் மிச்சம்" என்றாள். கிளிநொச்சியிலிருந்து இரவு பஸ்ஸில் போய் விடியக் காலையில் இறங்கினால், சுங்கத்துக்குப் போக முதலே ஒரு பில்லை நீட்டினார்கள்: கையாளுதல் கட்டணம், ஆவணக் கட்டணம், கிட்டங்கிக் கட்டணம், மொத்தம் 18,500 ரூபா. பில்லின் தலையில் இருந்த சின்னம் தங்கச்சி அனுப்பிய ரசீதில் இருந்த அதே சின்னம்.

பலருடைய சாமான்களை ஒரே கொள்கலனில் சேர்த்து அனுப்பும் தொழிலில் இது பழைய வழி. அனுப்புகிற இடத்தில் கூலியைக் குறைத்துச் சொல்லி ஆள் பிடிப்பார்கள், இறங்குகிற இடத்தில் அதை வேறு பெயர்களில் எடுத்துவிடுவார்கள். அனுப்புகிறவர் நாலு கடை விசாரிக்கலாம், ஆனால் கொழும்பில் யார் பெட்டியை இறக்குவது என்று என்னிடம் யாரும் கேட்கவில்லை, கட்டாவிட்டால் பெட்டி கிட்டங்கியில் கிடக்கும், நாளுக்கு நாள் வாடகை ஏறும்.

ஒரே குழுமத்தின் கிளைகள் ஒன்றின் சரக்கை மற்றது கையாள என்ன விலை போடுவது என்பதற்கு விதி இல்லாமல் இல்லை. 2018 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த உள்நாட்டு இறைவரிச் சட்டமும் அதைச் சொல்கிறது: சம்பந்தமில்லாத இருவர் பேரம் பேசினால் என்ன விலை வருமோ அந்த விலை. கொழும்புக் கிளை வேறு கம்பனியின் பெட்டியை இறக்க எவ்வளவு வாங்குகிறதோ, அதுதான் அளவுகோல். சரக்கு அனுப்பும் குழுமங்கள் பல இலாபத்தை இரு முனைக் கிளைகளுக்கும் பாதிக்குப் பாதி பிரிப்பதும் வழமை. சரி, ஆனால் அந்தச் சட்டம் பார்ப்பது வரியை மட்டும்தான். இலாபம் வெளிநாட்டுக்கு நழுவுகிறதா என்று இறைவரித் திணைக்களம் கேட்கும், பெட்டி எடுக்க வந்தவனிடம் எவ்வளவு கறந்தார்கள் என்று கேட்காது.

வன்னியில் வெளிநாட்டுப் பெட்டி வராத வீடு குறைவு. அதிகம் கேட்கவில்லை. கொழும்பில் கட்ட வேண்டிய ஒவ்வொரு கட்டணத்தையும், சொந்தக் கிளைக்குப் போவது எது, துறைமுகத்துக்குப் போவது எது என்று பிரித்து, அனுப்புகிறவரின் ரசீதிலேயே எழுதச் சொல்லிச் சட்டம் வரட்டும். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை இதைக் கையில் எடுக்க வேண்டும். இதே மாதிரிப் பில் வைத்திருப்பவர்கள் அவர்களுக்கு ஒரு பிரதி அனுப்புங்கள், நான் என்னுடையதை அனுப்பிவிட்டேன்.

வாசகர் ஒருவர்,
தருமபுரம், கிளிநொச்சி