மகளுக்கு: நம் நன்றிக்கடன் யாருக்கு உரியது?

குன்னூர்

அன்பு மகள் கயல்விழிக்கு, அப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம்.

வார்சாவில் உன்னோடு பணிபுரியும் உக்ரைன் பெண், "உங்கள் ஊர் மக்கள் ஏன் ரஷ்யாவின் பக்கம் பேசுகிறார்கள்?" என்று கேட்டபோது நீ பதிலின்றி நின்றதாக எழுதியிருந்தாய். அந்த மனநிலை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்; அதை நியாயப்படுத்த மட்டும் மனம் வரவில்லை.

1971 டிசம்பரில் பாகிஸ்தானுடன் நடந்த போரின்போது சோவியத் ஒன்றியம் ஐ.நா. பாதுகாப்பு அவையில் தன் வீட்டோ (தடுப்பு) அதிகாரத்தைப் பயன்படுத்தி நமக்குத் துணை நின்றதை என் தலைமுறை மறக்கவில்லை. அப்போது தரைப்படைத் தளபதியாக இருந்த மானெக்‌ஷா ஓய்வுக்குப் பிறகு வாழ்ந்தது நம் குன்னூரில். 2008இல் காலமானது பக்கத்திலுள்ள வெலிங்டனில். அதனால்தான் ஓய்வுபெற்ற படைவீரர்கள் கூடும் நம் தெருமுனைத் தேநீர்க் கடையில் ரஷ்யா என்றதும் இன்றும் குரல்கள் உயர்கின்றன. உன் தாத்தா வாங்கிய முன்னேற்றப் பதிப்பக நூல்கள் இன்னும் நம் அலமாரியில் இருக்கின்றன. மாஸ்கோவில் தமிழிலேயே அச்சாகி, கெட்டி அட்டையோடு மலிவு விலைக்கு வந்தவை அவை. குன்னூர் ஏலத்தில் நம் தேயிலையை வாங்கியவர்களும் சோவியத் நாட்டவர்தாம்.

ஆனால் மகளே, அந்த நன்றி சோவியத் ஒன்றியத்துக்கு உரியது. உக்ரைனும் அதில் ஓர் அங்கமாக இருந்தது. நமக்குத் துணை நின்ற நாட்டில் அந்தப் பெண்ணின் தாத்தாவும் ஒரு குடிமகனாக இருந்தார் என்பதை நம்மவர்கள் எண்ணிப் பார்ப்பதேயில்லை.

2022 பிப்ரவரி 24 அன்று உக்ரைன் மீது ரஷ்யாவின் படையெடுப்பு தொடங்கியபோது, அங்கே மருத்துவம் படிக்கச் சென்ற தமிழ்ப் பிள்ளைகள் பதுங்கறைகளில் தவித்ததைப் பார்த்து ஊரே பதறியது. மார்ச் 1 அன்று உக்ரைனின் கார்கிவ் நகரில் கர்நாடக மாணவர் ஒருவர் உயிரிழந்தார் என்ற செய்தி வந்ததும் உன் அம்மா சாப்பிடாமல் எழுந்துவிட்டாள். பிள்ளைகள் ஊர் திரும்பிய பின், அதே கார்கிவில் விழுந்த குண்டுகளைப் பற்றிக் கேட்பாரில்லை. போரால் பொட்டாஷ் உர விலை ஏறியபோதுதான் தேயிலை விவசாயிகள் மறுபடியும் அந்தப் போரைப் பேசினார்கள்.

தூரத்துப் போருக்காக நாள்தோறும் அழ எவராலும் இயலாது; அதை நான் குறை சொல்லமாட்டேன். குடியிருப்பின் மேல் ஏவுகணை விழும் காட்சியை நம்மவர்கள் கைபேசியில் காட்டிக் கைதட்டுவதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. 2022 மார்ச் 2 அன்று ஐ.நா. பொதுச்சபையில் அந்தப் படையெடுப்பைக் கண்டித்த தீர்மானத்தின்போது நம் நாடு உட்பட 35 நாடுகள் வாக்களிக்காமல் விலகின. அரசுக்கு எண்ணெய், ஆயுதம் என்று ஆயிரம் கணக்குகள் இருக்கும்; தேநீர்க் கடையில் உட்கார்ந்திருக்கும் நமக்கு என்ன கணக்கு?

அந்தப் பெண்ணிடம் இதையெல்லாம் மறைக்காமல் சொல். அவளுடைய தாயார் கார்கிவிலேயே இருப்பதாக எழுதியிருந்தாயே, இப்போது எப்படி இருக்கிறார் என்று விசாரித்து எழுது.

அன்புடன்,
அப்பா