கத்தியும் சாவியும்

அன்புள்ள பாப்பா,

போன வாரம் போனில் உங்கள் செயலியைப் பற்றி நீ சொன்னது இன்னும் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. "நாங்க கருவியைச் செஞ்சு கொடுக்கிறோம், அவ்வளவுதான் அப்பா. கத்தியால காயும் நறுக்கலாம், கழுத்தையும் அறுக்கலாம். எடுக்கிறவங்க கையிலதான் இருக்கு." சரி சரி என்று போனை வைத்துவிட்டேன். ஆனால் எனக்கு அது சரியாகப் படவில்லை. பேச்சில் உன்னை ஜெயிக்க முடியாது, அதனால் எழுதுகிறேன்.

என் மூக்குக்கண்ணாடியையே எடுத்துக்கொள். காலையில் மாட்டினால் அப்புறம் அது இருப்பதே தெரிவதில்லை. நான் அதைப் பார்ப்பதில்லை, அதன் வழியாகப் பார்க்கிறேன். மனிதனுக்கும் கருவிக்கும் உள்ள இந்த உறவைப் பற்றி விரிவாக எழுதியவர் டான் ஐடி என்ற அமெரிக்கத் தத்துவவாதி. (சிரிக்காதே, உன் ஐடி துறைக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை.) போன மாதம் திருகு கழன்று கண்ணாடியின் ஒரு கால் கையோடு வந்துவிட்டது. அன்றைக்குத்தான் அதை ஒரு பொருளாகப் பார்த்தேன்: தேய்ந்த கம்பி, ஓரத்தில் கீறல், என் மூக்கில் இரண்டு பக்கமும் பதிந்த தடம். ஜெர்மன் தத்துவவாதி ஹைடெக்கர் 1927-லேயே சுத்தியலை வைத்து இதைச் சொல்லிவிட்டார். ஆணி ஒழுங்காக இறங்கும்வரை சுத்தியல் நினைப்பிலேயே இருக்காது. உடைந்தால்தான் கண்முன் வந்து நிற்கும். 1933-இல் நாஜிக் கட்சியில் சேர்ந்த மனிதர் அவர். அதை மறக்காமல்தான் படிக்கிறேன்.

உன் கத்திக்கு நேர்ப் பதில் பிரெஞ்சுச் சிந்தனையாளர் புரூனோ லாத்தூரிடம் கிடைத்தது. விடுதிக்காரர் ஒருவருக்கு ஒரு தலைவலி. தங்க வருகிறவர்கள் வெளியே கிளம்பும்போது அறைச்சாவியையும் கொண்டுபோய்விடுகிறார்கள். வாயால் சொல்லிப் பார்க்கிறார். அட்டையில் எழுதி மாட்டிப் பார்க்கிறார். ஒரு சிலர்தான் கேட்கிறார்கள். கடைசியில் சாவியோடு கனமான இரும்புக் குண்டு ஒன்றைக் கோத்துவிடுகிறார். இப்போது ஏறக்குறைய எல்லோரும் கொடுத்துவிட்டுத்தான் போகிறார்கள். பொறுப்பு வந்துவிட்டதாலா? பை கனக்கிறது, அதனால். விடுதிக்காரர் சொல்ல நினைத்ததை இரும்பு சொல்கிறது. "எடுக்கிறவங்க கையில" என்றாயே, அந்தக் கை என்ன செய்யும் என்பதைக் குண்டைக் கோத்தவர் பாதி முடிவு செய்துவிட்டார். நீயும் அப்படித்தான் ஏதோ ஒன்றைக் கோத்துக்கொண்டிருக்கிறாய் என்று எனக்குத் தோன்றுகிறது.

அமெரிக்க எழுத்தாளர் லூயிஸ் மம்ஃபோர்டு இதையே பெரிய அளவில் பார்த்தார். 1934-இல் வந்த அவர் புத்தகத்தில், நவீனத் தொழில் யுகத்தின் முக்கிய இயந்திரம் நீராவி எஞ்சின் அல்ல, கடிகாரம் என்கிறார். ஐரோப்பிய மடங்களில் துறவிகள் வேளை தவறாமல் ஜெபிக்க உதவியது, பிறகு ஊருக்கே மணி அடிக்க ஆரம்பித்தது. பசித்தால் சாப்பிடுவது போய், மணியானால் சாப்பிடுவது வந்தது. முப்பது வருஷம் கடிகாரம் பார்த்தே வேலைக்கு ஓடியவன் என்பதால் எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

அமெரிக்க அரசியல் சிந்தனையாளர் லேங்டன் வின்னர் 1980-இல், பொருள்களுக்கும் அரசியல் உண்டா என்று கேட்டார். நியூயார்க் பக்கம் லாங் ஐலண்டில், பேருந்தில் வரும் ஏழைகளும் கறுப்பர்களும் கடற்கரைக்குப் போகாதபடி பாலங்களை வேண்டுமென்றே தாழ்வாகக் கட்டினார்கள் என்பது அவர் காட்டிய உதாரணம். பின்னால் வந்தவர்கள் அந்தக் கதையை மறுத்திருக்கிறார்கள். எனக்கும் அது முழுதாக ஒட்டவில்லை, கேள்வி மட்டும் ஒட்டிக்கொண்டது. பிரெஞ்சுச் சிந்தனையாளர் ஜாக் எல்யுலோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. தொழில்நுட்பம் தன் போக்கில் தானே ஓடுகிறது என்கிறார். அப்படியானால் நீயும் நானும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

பழங்காலத்துக் கிழவர் ஒருவரும் என் கட்சியில் இருக்கிறார். எழுத்து வந்தால் மனிதர்களின் ஞாபகசக்தி மழுங்கிவிடும் என்று சாக்ரடீஸ் கவலைப்பட்டதாக பிளேட்டோ எழுதிவைத்திருக்கிறார். எழுதிவைத்ததால்தான் அது எனக்குத் தெரிகிறது, அது வேறு விஷயம்.

இரவு பத்து மணிக்கு மேல் உங்கள் செயலியின் அறிவிப்புகளை முதலிலேயே அணைத்துவைக்கலாமா, இல்லை வேண்டாதவர்களே அணைத்துக்கொள்ளட்டுமா என்று உங்கள் குழுவில் பேச்சு நடப்பதாகச் சொன்னாயே, அது என்ன ஆயிற்று? நீ எந்தப் பக்கம் பேசினாய்? ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது சொல். கண்ணாடிக்குப் புதுத் திருகு போட்டாயிற்று, கவலைப்படாதே.

அன்புடன்,
அப்பா