குவாக்காவுக்கு நீட்டிய பிஸ்கட்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு பயண இணைப்பில் மேற்கு ஆஸ்திரேலியாவின் ராட்னெஸ்ட் தீவு பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். எழுத்தில் குறை இல்லை. கூடவே போட்டிருந்த படம்தான் உறுத்தியது. பயணி ஒருவர் பிஸ்கட்டை நீட்ட, குவாக்கா என்கிற சின்னக் கங்காரு இனப் பிராணி எழுந்து நின்று வாங்குகிறது. 'சிரித்த முகத்தோடு வரவேற்பு' என்று கீழே ஒரு வரி.

அந்தத் தீவுக்கு நானும் போயிருக்கிறேன். ஃபிரீமாண்டிலிலிருந்து படகில் அரை மணி நேரம். சொந்தக் கார் கொண்டுபோக முடியாது, பெரும்பாலும் சைக்கிள்தான். முழங்கால் வலிக்காரியான நான் ஒரு மேட்டில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஏறி, மர நிழலில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன். புதருக்குள் சரசரப்பு. "பாட்டி, அசையாதீங்க!" என்று பேரன் கிசுகிசுத்தான். பூனை அளவில் பழுப்பாக ஒன்று தத்தித் தத்தி வந்து முதலில் செருப்பை முகர்ந்தது, அப்புறம் என் கால் கட்டைவிரலை. மூக்கு சில்லென்று இருந்தது. வயிற்றுப் பையிலிருந்து குச்சி போல ஒரு குட்டிக் கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அந்தக் காலை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

அதோடு விட்டிருக்கலாம். பேரன் ரொட்டியைக் கிள்ளிப் போட்டான். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், "இன்னொரு துண்டு போடுடா, படம் எடுத்துக்கிறேன்" என்றது நான்தான். 2017 கடைசியில் டென்னிஸ் வீரர் ரோஜர் ஃபெடரர் குவாக்காவோடு எடுத்துக்கொண்ட படம் உலகம் சுற்றியதே, அதுபோல ஒன்று எனக்கும் வேண்டியிருந்தது.

அந்த வழியாக வந்த ஊழியர் பெண் எங்களைத் திட்டவில்லை. சிதறிய துணுக்குகளைப் பொறுக்கிவிடச் சொன்னார், அவ்வளவுதான். பொறுக்கும்போதுதான் மற்றதெல்லாம் சொன்னார். உணவு கொடுத்தாலும் தொட்டாலும் அபராதம் உண்டாம். புல்லும் இலையும் தின்கிற பிராணிக்கு நம் ரொட்டி ஒத்துக்கொள்ளாது. அந்தச் சிரிப்பும் சிரிப்பில்லை, வாயின் அமைப்பே அப்படி. இரவில் இரை தேடிவிட்டுப் பகலில் நிழலில் தூங்குவதுதான் அதன் வழக்கம்.

1696இல் அங்கே இறங்கிய டச்சு மாலுமி விளமிங், இவற்றைப் பெரிய எலிகள் என்று நினைத்து 'எலிக்கூடு' என்று பொருள்படத் தீவுக்குப் பெயர் வைத்துவிட்டார். கங்காரு இனத்தைப் போய் எலி என்றால்! பெருநிலத்தில் வெளியிலிருந்து கொண்டுவந்த நரிகளால் குவாக்காக்கள் வெகுவாகக் குறைந்துவிட்டன. தீவில் நரி கிடையாது. ஆளைக் கண்டு அவை ஓடாததற்கு அதுவும் ஒரு காரணம்.

அடுத்த முறை பிஸ்கட் இல்லாத படமாகப் போடுங்கள். உணவு கொடுக்கத் தடை என்பதையும் ஒரு வரி சேர்த்தால், புறப்படுகிறவர்களுக்கு உதவும். படம் கிடைக்காவிட்டால் என்னிடம் ஒன்று இருக்கிறது. அதில் என் கட்டைவிரலும் குவாக்காவின் முதுகும்தான் விழுந்திருக்கின்றன.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்